எந்தச் செவலை

கூட்டின் கதவுப் பலகையை உருவினால் முதலில் வெளியே வருவது கொண்டைக்காரிதான். அப்புறம் புள்ளிக்கோழி, அதன் வாலை இடித்துக்கொண்டு இன்னும் முட்டையிடத் தொடங்காத இரண்டு விடைக்கோழிகள், கடைசியாக, தனக்கு இந்த உலகத்தில் ஒரு அவசரமும் இல்லை என்று காட்டிக்கொண்டு கழுத்தில் முடியில்லாத கிராப்புக்கோழி. இந்த வரிசை மாறி சீனியம்மாள் பார்த்ததில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் காலடிச் சத்தத்தை வைத்தே எது எது என்று சொல்லிவிடுவாள். பக்கத்து வீட்டு ராசாத்தியிடம் ஒரு தடவை பந்தயம் கட்டிச் சொல்லியும் காட்டியிருக்கிறாள். கோழி வளர்ப்பு என்றால் நாலு பிடி குருணையை வீசிவிட்டு டிவி பார்க்கப் போவதா? காலையில் எச்சத்தைப் பார்க்க வேண்டும், வெள்ளையாகத் தண்ணியாகப் போயிருந்தால் அன்றைக்கே தனியாக எடுத்துப் பஞ்சாரக் கூடையில் மூட வேண்டும். இரைப்பையைத் தடவிப் பார்க்க வேண்டும், ராத்திரித் தின்றது காலையில் கரைந்திருக்க வேண்டும், கல்லாகக் கிடந்தால் எண்ணெய் விட்டுப் பிசைந்துவிட வேண்டும். சாத்தூரில் ரயில்வே லைனுக்கு மேற்கே இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்த இந்தப் பதினாலு வருஷத்தில், தெருவே கழிச்சல் நோய் வந்து கோழியைக் குழிதோண்டிப் புதைத்த வருஷத்தில்கூட, அவள் கொல்லையில் ஒரு றெக்கை தொங்கியதில்லை. அதைச் சொல்லிக்கொள்ள அவளுக்குக் கூச்சமும் கிடையாது. இடுப்பில் சொருகியிருந்த போனைத் தொட்டுப் பார்த்தாள். இருந்தது. மணி ஆறரைதான். எட்டு மணிக்குத்தான் அவள் புருஷனை உள்ளே கூட்டிப்போவார்கள் என்று மாப்பிள்ளை நேற்றே தெளிவாகச் சொல்லிவிட்டார். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் பத்து பேருக்கு இன்றைக்கு இதே வேலை. கையில் ஊசி போட்ட இடம் மாதிரி ஒரு சின்ன ஓட்டை, அது வழியாகக் குழாய் விட்டு நெஞ்சில் எங்கே அடைப்பு என்று பார்ப்பார்கள், இருந்தால் அங்கேயே ஒரு கம்பிச்சுருளை வைத்துவிடுவார்கள், ஒரு மணி நேர வேலை. ஒரு மணி நேர வேலைக்கு நான் வேறு வந்து வராந்தாவில் உட்கார்ந்து எதற்கு மூக்கைச் சிந்த வேண்டும் என்று அவள்தான் கேட்டாள். மகள் ரேணுகா மதுரையிலேயே இருக்கிறாள், மாப்பிள்ளை லீவு போட்டிருக்கிறார். கூடவே ஒரு ஆளைத்தான் விடுவார்களாம். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

குருணையில் நேற்றுச் சோற்றைப் பிசைந்து, பொடியாக அரிந்த சின்ன வெங்காயத்தையும் ஒரு சிட்டிகை மஞ்சளையும் போட்டுக் கிளறினாள். தை மாதத்துப் பனிக்கு வெங்காயம் முக்கியம், சளி அண்டாது. "பா… பா… பா…" என்றாள். தேவையே இல்லை, எல்லாம் காலடியில்தான் நின்றன, ஆனால் கூப்பிடாமல் போட்டால் அவளுக்கே போட்ட மாதிரி இருக்காது. வேப்ப மரத்திலிருந்து பொத்தென்று குதித்தது செவலைச் சேவல். அதை அவள் பார்க்கவில்லை. அதாவது பார்த்தாள், காலைப் பார்க்கவில்லை. கொண்டையைப் பார்த்தாள், வாலில் வளைந்து நிற்கும் இரண்டு பச்சைக்கருப்பு இறகைப் பார்த்தாள், அப்படியே கண்ணைத் தண்ணீர்ச் சட்டிக்குக் கொண்டுபோய்விட்டாள். சட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும், பாசி பிடித்தால் அதுவே நோய். தேங்காய் நாரை வைத்துத் தேய்த்தாள். போன சித்திரையில்தான் அவருக்கு நெஞ்சுவலி முதல் தடவை வந்தது. அவள் புருஷன் குருவையா மினி பஸ் ஓட்டுகிறவர். இருக்கன்குடி ரோட்டில் வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்திருக்கிறது. வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அப்புறம்தான் ஸ்டியரிங்கில் சாய்ந்தாராம். உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, யாரையோ ஏற்றுவதற்கு நிறுத்தியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார்களாம். அதை அவர் பத்து பேரிடம் பெருமையாகச் சொன்னார். பெருமைதான். ஆனால் சாவியை எடுத்துப் பையில் போட்டதை நினைத்ததும் சட்டி சீனியம்மாளின் கையைவிட்டு நழுவிக் கல்லில் இடித்துக்கொண்டது. உடையவில்லை. நல்ல சட்டி.

அன்றைக்குச் செய்தி வந்தபோது அவள் இதே இடத்தில்தான் நின்றாள். கொண்டைக்காரி பொரித்து மூன்று மாதமான குஞ்சுகள் காலைச் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றில் இரண்டு செவலைச் சேவல். ஒரே அடை, ஒரே நிறம், ஒரே உயரம், அச்சில் வார்த்த மாதிரி. சாமி கும்பிடக் கோயிலுக்கு ஓட நேரமில்லை, சூடம் இல்லை, ஒன்றும் இல்லை. கைக்கு அகப்பட்ட ஒரு செவலையைப் பிடித்தாள், முந்தானை ஓரத்தைப் பல்லால் கடித்து நூலைக் கிழித்தாள், அரைத்து வைத்திருந்த மஞ்சளில் நூலைப் புரட்டி அதன் வலது காலில் இறுக்கிக் கட்டினாள். "கருப்பா, இந்தா, இது உனக்கு. மாசிச் சிவராத்திரிக்கு உன் வாசலுக்குக் கொண்டாந்து விடுறேன். அவர எனக்கு விடு" என்றாள். விட்டான். சங்கிலிக் கருப்பன் அவள் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் பொதுவான சாமி, பேச்சு மாற மாட்டான். மூன்றாம் நாள் அவர் வீட்டுக்கு வந்து, ரசம் உப்பில்லை என்று சொன்னார். அன்றிலிருந்து அந்தச் சேவலுக்குப் பெயர் சாமி சேவல். அதை யாரும் அதட்டக் கூடாது, கல்லெடுத்து வீசக் கூடாது. தன்னை நேர்ந்துவிட்டது அதற்கு எப்படித்தான் தெரியுமோ, திமிரும் வந்துவிட்டது. அடுப்படி வரைக்கும் வந்து பாத்திரத்தில் தலையை விடும். இன்னொன்று வெறும் செவலை. "சாமி சேவலுக்கு வைங்க", "அந்தச் செவலைய விரட்டுங்க" என்று வீட்டில் பேச்சே அப்படித்தான். இதில் ஒரு விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே இந்தப் பதினேழு நாளாகத்தான் சொல்லிக்கொள்கிறாள். நூலைக் கட்டிய நாளிலிருந்து அவள் அந்தச் சேவலைப் பார்க்கவே இல்லை. நூலைத்தான் பார்த்தாள். காலில் மஞ்சள் தெரிந்தால் சாமி, தெரியாவிட்டால் செவலை. பந்தயம் கட்டிக் காலடியை வைத்துச் சொல்லுகிறவள், இந்த இரண்டுக்கும் நடையில் என்ன வித்தியாசம், கூவலில் என்ன வித்தியாசம் என்று ஒரு நாள்கூடக் காதைக் கொடுக்கவில்லை. நூல் இருக்கும்போது காது எதற்கு?

நூல் இருந்தது. ஐப்பசி வரைக்கும் இருந்தது. சேவல் வளருமே, கால் பருக்குமே, மூன்று மாதக் குஞ்சுக்குக் கட்டிய நூல் அப்படியே இருந்தால் என்ன ஆகும் என்று, ஊருக்கெல்லாம் கோழிப் புத்தி சொல்லும் சீனியம்மாளுக்குத் தோன்றவில்லை. மழைச் சகதியில் ஒரு நாள் சாமி சேவல் நொண்டியது. தூக்கிப் பார்த்தால் நூல் தோலுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது, சுற்றிலும் வீங்கிச் சீழ். பதறிப் போனாள். சாமி காலிலேயே கயிறு அறுத்த மாதிரி இருந்தது. பிளேடால் மெதுவாக அறுத்து எடுத்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டாள், ஐந்து நாளில் ஓடியது. புண் ஆறட்டும், புது நூலைக் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தாள். வளையம் போட்ட மாதிரி வலது காலில் ஒரு தழும்பு, செதில் இல்லாமல் வழுவழு என்று. அதுவே அடையாளம் போதும், அப்புறம் கட்டிக்கொள்ளலாம். கார்த்திகையில் கட்டலாம். மார்கழிக் குளிரில் எதற்கு, தை பிறக்கட்டும். இப்படித்தான். நல்லவேளை, இதை ராசாத்தி செய்திருந்தால் சீனியம்மாள் அவளை நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஏசியிருப்பாள். போனைத் தொட்டுப் பார்த்தாள். ஏழுக்கு ஐந்து நிமிஷம்.

கொண்டைக்காரி திடீரென்று குரலை மாற்றியது. அந்தக் குரல் வந்தால் நிமிர்ந்து பார்க்கக்கூட வேண்டாம், மேலே பருந்துதான். விடைகள் இரண்டும் முள்ளுக்கட்டுக்கு அடியில் பாய்ந்தன, புள்ளி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது, செவலை தலையை ஒருச்சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. நிழல் ஒன்று கொல்லையைக் குறுக்கே கடந்து, ராசாத்தி வீட்டு ஓட்டின் மேல் ஏறிப் போய்விட்டது. அவ்வளவுதான். பருந்து இந்தப் பக்கம் வந்ததுகூட இல்லை, உயரத்தில் தன்பாட்டுக்குப் போகிறது. ஆனால் சீனியம்மாளுக்கு நெஞ்சு படபட என்று அடித்துக்கொண்டது, அடிக்கிறதே அடிக்கிறதே என்று கையை வைத்து அமுக்கினாள், அவருக்கும் இப்படித்தான் அடித்திருக்குமோ, அடிப்பது நல்லதா நிற்பது நல்லதா, என்ன கேள்வி இது, நிற்பது யாருக்கு நல்லது. "மதினி, போன் வந்துச்சா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ராசாத்தி தலையை நீட்டினாள். "எட்டு மணிக்குத்தான். அதுக்குள்ள என்ன போனு" என்றாள். "சாமிக்கு நேந்தது நேந்த மாதிரி இருக்கும்போது அண்ணனுக்கு ஒண்ணும் வராது மதினி. அந்தா, சேவலு நிக்கிற நிப்பப் பாருங்க" என்று சொல்லி ராசாத்தி தலையை இழுத்துக்கொண்டாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். சீனியம்மாள் கழுவின சட்டியையே மறுபடி கழுவினாள்.

எல்லாம் தொடங்கியது மாட்டுப் பொங்கல் அன்றைக்குச் சாயங்காலம். மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள், மறுநாள் கரிநாள், கறி வேண்டும். சேவலை அறுப்பதென்றால் முந்தின நாள் அடையும் நேரத்திலேயே பிடித்துப் பஞ்சாரத்தில் போட்டுவிட வேண்டும், விடிந்தபின் துரத்தினால் தெருவே சிரிக்கும். அவள் அடுப்படியில் மாப்பிள்ளைக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். வாணலியைவிட்டு நகர முடியவில்லை. "ஏங்க, செவலையப் புடிச்சு மூடிருங்க" என்று உள்ளே இருந்தே குரல் கொடுத்தாள். செவலை என்றால் செவலைதான். சாமி சேவலை யாராவது செவலை என்று சொல்வார்களா? அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார், கொக்கொக்கென்று ஒரு சத்தம், வந்து கையைக் கழுவினார். காலையில் அவள் எழுந்து கோலம் போட்டுவிட்டு வருவதற்குள் அவரே அறுத்து, வெந்நீரில் முக்கி, இறகு பிடுங்கி, வாட்டி, மஞ்சள் தடவி, வாழை இலையில் கொண்டுவந்து வைத்துவிட்டார். வழக்கமாகக் கறி வேலை என்றால் கண்ணில் படாத மனுஷன். தலையும் காலும் எங்கே என்று கேட்டாள், ராசாத்தி வீட்டு நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றார். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. ஈரலை எடுத்து வழக்கம்போல அவர் தட்டில் வைத்தாள், ஈரலுக்கு அவர் யாரையும் பங்குக்கு விட மாட்டார். மறுநாள் தீவனம் வைக்கும்போதுதான் ஒற்றைச் சேவல் எதிரே வந்து நின்றது, நிற்கிறதே, இது எது? "எதப் புடிச்சீக?" என்று கேட்டாள். "நீ சொன்னதத்தான்" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். அதற்குமேல் இந்தப் பதினேழு நாளும் அவள் கேட்கவில்லை. கரிநாள் கழிந்து எண்ணி ஒன்பதாம் நாள் அவருக்கு மறுபடியும் நெஞ்சைப் பிடித்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கலாம். டாக்டர்கூட பீடியைத்தான் சொன்னார், உப்பைச் சொன்னார், சேவலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சீனியம்மாள் அப்படி எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆளும் இல்லை. ஆனால் நூலைக் கட்டியது அவள், அறுத்தது அவள், திரும்பக் கட்டாதது அவள், அடுப்படியிலிருந்தே செவலை என்று கத்தியது அவள். இதில் இன்னொருவர் பேருக்கு இடம் எங்கே இருக்கிறது?

பார்த்தால் முடிந்தது. வலது காலைத் திருப்பிப் பார்த்தால் முடிந்தது. தழும்பு இருந்தால் சாமி சேவல், வாசலில் கற்பூரம் ஏற்றலாம். இல்லையென்றால், இல்லையென்றால் என்று வரும்போதெல்லாம் அவளுக்குச் சட்டி கழுவுகிற வேலை வந்துவிடும், கூட்டில் சாம்பல் போடுகிற வேலை வந்துவிடும். சாக்கும் கைவசம் இருந்தது. அண்ணன்தம்பி ஒருவன் போனதைப் பார்த்ததிலிருந்து இது தாழ்ந்த கிளைக்கே வருவதில்லை, வேப்ப மரத்து உச்சியில் அடைகிறது, இந்த உடம்பை வைத்துக்கொண்டு மரம் ஏற முடியுமா? முடியாதுதான். ஆனால் சேவலைப் பிடிக்க மரம் ஏற வேண்டியதில்லை என்பது தெரியாதவளா அவள்? இன்றைக்குப் பார்த்துவிட வேண்டும். அவர் உள்ளே போகும் முன்னால் பார்த்துவிட வேண்டும், எது என்று தெரியாமல் அந்த ஒரு மணி நேரத்தை அவளால் தாண்ட முடியாது. பஞ்சாரத்தைக் கொண்டுவந்து கவிழ்த்து, ஒரு பக்கத்தைச் சுள்ளியால் முட்டுக்கொடுத்துத் தூக்கி, சுள்ளியில் கயிற்றைக் கட்டி முனையைக் கையில் பிடித்துக்கொண்டு துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். உள்ளே கம்பு மணியைத் தூவினாள். புள்ளி போனது, விடைகள் போயின. செவலை பஞ்சாரத்தின் ஓரம் வரைக்கும் வந்து, ஒரு மணியைக் கொத்தித் தூக்கி, கீழே போட்டு, மறுபடி கொத்தி, குக்குக்குக்கென்று பெட்டைகளைக் கூப்பிட்டது. தான் தின்னவில்லை. அவர்களைத் தின்ன வைத்துவிட்டு வெளியே காவல் நின்றது. சேவல் என்றால் இப்படித்தான், பெட்டைக்கு ஊட்டிவிட்டு அப்புறம்தான் தன் வயிறு. எங்கள் வீட்டுச் சேவலும் இருக்கிறதே, ஈரல் எங்கே என்று தட்டை நீட்டும். சிரிப்பு வந்தது. சிரிப்பை நிறுத்திவிட்டாள். மணி ஏழே முக்கால். கயிற்றைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

கொல்லை மூலையில் கறையான் பானை இருந்தது. பழைய பானைக்குள் சாணியும் கிழிந்த சாக்கும் வைத்துத் தண்ணீர் தெளித்து ராத்திரி மண்ணில் கவிழ்த்துவிட்டால் விடிவதற்குள் கறையான் ஏறியிருக்கும். குஞ்சுக்கு அதைவிடச் சத்து எந்தக் கம்பெனித் தீவனத்திலும் கிடையாது. அதன் முன்னால் எந்தச் சேவலின் மரியாதையும் நிற்காது என்பதும் அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் பதினேழு நாளும் அந்தப் பானையின் பக்கமே செவலை இருக்கும்போது போகவில்லை. பானையை நிமிர்த்தினாள். வெள்ளை வெள்ளையாகக் கறையான் கொட்டியது. செவலை பெட்டைகளை மறந்தது, காவலை மறந்தது, இறகை விரித்துக்கொண்டு ஓடிவந்து தலையைக் கவிழ்த்தது. இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்து அமுக்கினாள். ஒரு கத்து கத்தியது, உதறியது, அப்புறம் அவள் மடியில் அடங்கி, சூடாக, மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டது. அதன் நெஞ்சு அவள் உள்ளங்கையில் அடித்தது. முதலில் இடது காலைப் பார்த்தாள். இடது காலில் ஒன்றும் இருக்காது என்று தெரிந்தேதான் பார்த்தாள். மஞ்சளாக, செதில் செதிலாக, முள் கூர்மையாக நல்ல கால். பிறகு வலது காலை எடுத்தாள். சேறு ஒட்டியிருந்தது. கட்டை விரலில் எச்சிலைத் தொட்டுத் துடைத்தாள். மேலேயிருந்து கீழே, கீழேயிருந்து மேலே, பின்பக்கம் ஒரு தடவை. ஒரு செதில்கூட இடம் மாறியிருக்கவில்லை. தழும்பு இல்லை. சாமிக்கு விட்டதை ஊறுகாய்க்குக்கூட மிச்சமில்லாமல் நாலு பேரும் உட்கார்ந்து தின்றிருக்கிறார்கள். அப்போது போன் அடித்தது.

"அயித்த, மாமா உங்ககிட்டப் பேசணுமாம். உள்ள போறதுக்கு முன்ன ஒரு வார்த்த பேசியே ஆகணும்னு நிக்குறாரு. சீக்கிரம் முடிச்சிருங்க, நர்ஸம்மா நிக்குது" என்றார் மாப்பிள்ளை. சேவலை இடுக்கிக்கொண்டு போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்தாள்.

"சீனி."

"சொல்லுங்க. ராத்திரி தூங்குனீகளா?"

"அது கெடக்கு. ஒண்ணு சொல்லணும். வையாம கேளு." குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கரிநாளுக்கு அறுத்தோம்ல, அது சாமி சேவல்தான். தெரிஞ்சேதான் புடிச்சேன். டார்ச் அடிச்சுப் பார்த்தேன், கால்ல தடம் கெடந்துச்சு. இன்னொண்ணு எட்டாத கெளையில இருந்துச்சு. ரெண்டும் ஒரே மாதிரிதான, மாசிக்கு அதக் குடுத்துட்டாப் போச்சு, கருப்பனுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகுதுன்னு நெனச்சுட்டேன். நீ பாத்துருவன்னு காலயும் நாந்தான் நாய்க்குப் போட்டேன். ஈரலயும் நானே தின்னேன் பாரு." மூச்சு விட்டார். "நான் திரும்பி வரலன்னா அது அதனாலதான்னு வச்சுக்க. உம்மேல ஒரு குத்தமும் இல்ல. அதச் சொல்லிட்டுப் போயிரணும்னுதான்."

சீனியம்மாளுக்கு முதலில் வந்தது நிம்மதி, அதை ஒளிப்பதற்கில்லை. நானில்லை, நானில்லை, பதினேழு நாளாக என் தலையில் நானே ஏற்றிக்கொண்டு திரிந்தது என் சுமையே இல்லை. அடுத்து வந்தது கோபம், படுபாவி மனுஷா, பேப்பருக்குள் தலையை வைத்துக்கொண்டு நீ சொன்னதைத்தான் என்றாயே. ஆனால் இரண்டும் ஒரு நொடிதான். அந்தப் பதினேழு நாளும் அவரும் இதையேதான் சுமந்திருக்கிறார், ஆஸ்பத்திரிக்குப் போகும் வரைக்கும் ஒரே வீட்டில், ஒரே பாயில், அவள் ஒரு பக்கம் திரும்பிக்கொண்டு, அவர் ஒரு பக்கம். இப்போது அந்தச் சுமையோடு உள்ளே போகப்போகிறார். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்ட மாதிரி, எல்லாவற்றையும் நிறுத்தி ஓரங்கட்டி வைத்துவிட்டுப் போகப் பார்க்கிறார். அவர் கையை எடுத்து வைத்திருப்பது ஹேண்ட் பிரேக்கில். விடக் கூடாது.

"என்ன பேச்சு பேசுறீக?" என்றாள். குரல் கொல்லையே நிமிரும்படி வந்தது. "கண்ணாடி போடாம டார்ச் அடிச்சுப் பார்த்தீகளாக்கும்? பத்து அடிக்கு அங்கிட்டு வர்றது லாரியா பஸ்ஸான்னு தெரியாது உங்களுக்கு. நீங்க பார்த்தது சகதி. சாமி சேவலு இந்தா, எம் மடியிலதான் இருக்கு. வலது கால்ல தழும்பு, எங் கட்டவெரலு அது மேலதான் இருக்கு இப்ப."

"நெசமாவா?"

"கோழி விசயத்துல நான் என்னைக்காச்சும் தப்பாச் சொல்லிருக்கேனா?"

அவர் யோசிக்கிறார். பதினாலு வருஷத்தையும் புரட்டிப் பார்க்கிறார்.

"இல்ல" என்றார்.

"பின்ன?" அவள் சேவலின் விலாவில் ஒரு நிமிண்டு நிமிண்டினாள், அது போனுக்குள்ளேயே காது கிழியக் கத்தியது. அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்தது, இருமலோடு சேர்ந்து, ஆனால் சிரிப்புதான். "கொழுப்பெடுத்த பய" என்றார். குரல் கிணற்றைவிட்டு வெளியே வந்திருந்தது. "சரி, போய்ட்டு வர்றேன் புள்ள. வந்து ரசம் வையி." போன் கட்டாகிவிட்டது.

சீனியம்மாள் போனை இடுப்பில் சொருகிக்கொண்டாள். கொண்டைக்காரி வந்து மடியில் இருக்கும் மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மிச்சக் கறையானைக் கொத்தியது. சீனியம்மாள் தன் வாழ்க்கையில் கோழியைப் பற்றிச் சொன்ன முதல் பொய் இதுதான். சொல்லும்போது நாக்கு கூசவில்லை. இப்போதும் கூசவில்லை. இன்னும் ஒரு ஆளிடம் பேச வேண்டியது பாக்கி இருந்தது, வேப்ப மரத்துக்கு மேலே தெற்கே பார்த்தாள், அந்தத் திக்கில்தான் கருப்பன் கோயில். "கேட்டுக்கிட்டுத்தான இருந்த? பொய்தான் சொன்னேன். உன் பொருளத்தான் தின்னோம், ருசியாத்தான் இருந்துச்சு, அதயும் மறைக்கல. ஆனா செஞ்ச ஆளு நான் இல்ல. செஞ்ச ஆளு மதுரையில படுத்துருக்காரு. மாசிக்கு அவரயே கூட்டியாந்து, உன் முன்னால நிப்பாட்டி, அவரு வாயாலயே தப்புன்னு சொல்லவைக்கிறேன், காதப் புடிச்சு உக்கிபோட வைக்கிறேன். இதுவரைக்கும் நீ யாரயும் கேக்காம விட்டதில்ல. கேக்கணும்னா உனக்கு ஆளு வேணுமா வேணாமா? அப்ப அனுப்பு" என்றாள்.

முந்தானை ஓரத்தைப் பல்லில் கடித்து நூலைக் கிழித்தாள். அம்மியில் காலையில் அரைத்த மஞ்சள் ஒட்டியிருந்தது, அதில் நூலைப் புரட்டினாள். செவலையின் வலது காலில், சுத்தமான அந்தக் காலில், நூலைச் சுற்றினாள். முடிச்சுப் போடும் முன்னால் நூலுக்கும் காலுக்கும் நடுவில் தன் சுண்டுவிரலை வைத்துக்கொண்டாள். பிறகு முடிச்சைப் போட்டு, விரலை உருவினாள். நூல் தளர்வாக நின்றது. இனி தினமும் பார்க்க வேண்டும், நூலை இல்லை, காலை. இறக்கிவிடாமல் சேவலை மடியிலேயே வைத்துக்கொண்டு, போனைத் துவைக்கிற கல்லில் கண்ணுக்கு எதிரே வைத்தாள். மணி எட்டு பத்து. இன்னும் ஒரு மணி நேரம்.